அண்ணாமலைச் செட்டியார்

ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் (செப்டம்பர் 30, 1881 – ஜூன் 15, 1948) தமிழ்நாட்டைச் சேர்ந்த வங்கியாளரும் கல்விப் புரவலரும் ஆவார். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தையும் சென்னையில் தமிழ் இசைச் சங்கத்தையும் நிறுவினார். பரம்பரைத் தொழிலான வட்டித் தொழிலில் ஈட்டிய பொருளின் பெரும்பகுதியைக் கல்விக்கும், வாழ்வின் இறுதிப் பத்தாண்டுகளில் தமிழிசைக்கும் வழங்கினார். தமிழ்நாட்டு இசை மேடைகளில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் வேண்டும் என்று 1940களில் எழுந்த தமிழிசை இயக்கத்துக்கு நிதியும் நிறுவன அமைப்பும் தந்தவர் என்ற வகையில் இவர் தமிழக இசை வரலாற்றில் இடம்பெறுகிறார்.

பிறப்பும் குடும்பமும்

அண்ணாமலைச் செட்டியார் இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் உள்ள கானாடுகாத்தான் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை முத்தையா செட்டியார். தாய் மீனாட்சி ஆச்சி. நகரத்தார் வழக்கப்படி இக்குடும்பத்தினர் முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளை வரிசையாகச் சேர்த்துச் 'சா. ராம. மு.' என்னும் முன்னெழுத்துகளால் அறியப்பட்டனர். இம்முன்னெழுத்துகளே அவர்களுடைய வணிக நிலையங்களின் அடையாளமாகவும் விளங்கின.

இவருடைய அண்ணன் ராமசாமி செட்டியார் சிதம்பரம் நகரின் பொதுப்பணிகளில் ஈடுபட்டவர். அந்நகரில் இன்றும் இயங்கும் உயர்நிலைப் பள்ளி ஒன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளது. அண்ணாமலைச் செட்டியார் பிற்காலத்தில் தம் பெரும்பணிகளுக்குச் செட்டிநாட்டைத் தேர்ந்தெடுக்காமல் சிதம்பரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் குடும்பத்துக்கும் அவ்வூருக்கும் ஏற்கெனவே இருந்த இத்தொடர்பு ஒரு காரணம் எனலாம்.

அண்ணாமலைச் செட்டியாரின் மனைவி சீதை ஆச்சி. இவர்களுக்கு முத்தையா, ராமநாதன், சிதம்பரம் என மூன்று ஆண் மக்கள். மூத்தவரான மு. அ. முத்தையா செட்டியார் 1933இல் சென்னை மாநகராட்சியின் மேயராகவும் பின்னர்ச் சென்னை மாகாண அமைச்சராகவும் பணியாற்றினார். இளையவரான எம். ஏ. சிதம்பரம் தொழிலதிபராகவும் துடுப்பாட்ட நிர்வாகியாகவும் அறியப்பட்டவர். சென்னைச் சேப்பாக்கம் விளையாட்டரங்கம் அவர் பெயரால் வழங்குகிறது. நடுவணரசின் முன்னாள் நிதியமைச்சர் ப. சிதம்பரம், அண்ணாமலைச் செட்டியாரின் மகள் வழிப் பேரர் ஆவார்.

நகரத்தார் வட்டித் தொழில்

அண்ணாமலைச் செட்டியாரின் கொடைகளைப் புரிந்துகொள்ள அவை எழுந்த தொழிலைப் பற்றி அறிவது இன்றியமையாதது. நாட்டுக்கோட்டை நகரத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை, பர்மா, மலாயா, இந்தோசீனம் ஆகிய பகுதிகளுக்குச் சென்று வட்டிக்கடைகளை நிறுவினர். ஆங்கிலேய வங்கிகள் பெரும்பாலும் ஐரோப்பிய வணிகர்களுக்கே கடன் கொடுத்தன. உழவர்களுக்கும் சிறு வணிகர்களுக்கும் கடன் கொடுக்கும் பணியை நகரத்தார் மேற்கொண்டனர்.

முதலாளி ஊரில் இருக்க, முகவர் ஒருவர் அயல்நாட்டுக் கடையை நடத்துவார். அவர் பொதுவாக மூன்றாண்டுக் காலம் அங்குத் தங்கிக் கணக்கு முடித்துத் திரும்புவார். அவருக்குக் கீழ் அடுத்தாள், பெட்டியடிப் பையன் முதலியோர் பணிபுரிந்து தொழில் பழகினர். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர் காலப்போக்கில் மேலாளாக உயர்வதும் உண்டு. இரங்கூன் நகரில் நகரத்தார் மாதந்தோறும் கோயிலில் ஒன்றுகூடித் தமக்குள் கொடுக்கல் வாங்கலுக்குரிய நடப்பு வட்டியை முடிவு செய்தனர். ஊருக்கு ஊர் பணத்தைக் கொண்டுசெல்லாமல் உண்டியல் வழியே மாற்றினர்.

இத்தொழில்முறையில் அறத்துக்கும் ஓர் இடம் இருந்தது. கடையின் கணக்கிலேயே ஒரு பகுதி 'மகமை' என்ற பெயரில் பற்று வைக்கப்பட்டது. அத்தொகை கோயில் திருப்பணி, அன்னசத்திரம், வேதபாடசாலை, குளம் முதலிய அறங்களுக்குச் செலவிடப்பட்டது. அறம் என்பது கணக்கில் ஏறி, முதலாக வைக்கப்பட்டு, அதன் வட்டியால் நடைபெற வேண்டிய ஒன்று என்னும் எண்ணம் நகரத்தாரிடையே வேரூன்றி இருந்தது. அண்ணாமலைச் செட்டியார் இம்மரபைக் கோயிலுக்கு வெளியே பல்கலைக்கழகத்துக்கும் இசைக்கும் விரிவுபடுத்தினார்.

வங்கியாளராக

அண்ணாமலைச் செட்டியார் இளம் வயதிலேயே குடும்பத் தொழிலில் ஈடுபட்டார். இலங்கை, பர்மா முதலிய நாடுகளில் குடும்பக் கடைகளின் தொழிலை விரிவாக்கினார். 1910ஆம் ஆண்டில் இங்கிலாந்து உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளில் சுற்றுப்பயணம் செய்தார்.

இக்காலத்தில் தென்னிந்திய வங்கித் துறையில் பெரும் மாற்றம் நிகழ்ந்தது. சென்னையில் புகழ்பெற்றிருந்த அர்பத்நாட் நிறுவனம் 1906 அக்டோபரில் முறிந்தது. அதில் பணம் போட்டிருந்த ஆயிரக்கணக்கானோர் தம் சேமிப்பை இழந்தனர். இதன் விளைவாக, இந்தியர்களே நடத்தும் வங்கி ஒன்று வேண்டும் என்று வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயன்றனர். நகரத்தாரின் முதலீட்டுடன் 1907ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் இந்தியன் வங்கி செயல்படத் தொடங்கியது. அண்ணன் ராமசாமி செட்டியார் அதன் தொடக்ககால இயக்குநர்களுள் ஒருவர்.

பரம்பரை வட்டிக்கடைக்கும் கூட்டுப்பங்கு வங்கிக்கும் இடையே வேறுபாடு பெரிது. முன்னது குடும்பத்தின் நாணயத்தை நம்பியது. பின்னது சட்டத்தையும் இயக்குநர் குழுவையும் ஆண்டுக் கணக்கையும் நம்பியது. அண்ணாமலைச் செட்டியார் பின்னாளில் தம் தொழிலின் ஒரு பகுதியைச் செட்டிநாடு வங்கி என்ற பெயரில் வரையறுக்கப்பட்ட நிறுவனமாக அமைத்தார். இவ்வங்கி தொடர்பான வருமான வரி வழக்கு ஒன்று லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. வரிச் சட்டத்தை அதன் சொற்களின்படியே பொருள்கொள்ள வேண்டும் என்பதற்கு 1940இல் வெளிவந்த அத்தீர்ப்பு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

பர்மா நிலங்களும் பொருளாதார மந்தமும்

நகரத்தாரின் முதலீட்டில் மிகப் பெரும் பகுதி பர்மாவில் இருந்தது. 1929–30இல் ஆய்வு நடத்திய பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அந்நாட்டில் சுமார் 1,650 நகரத்தார் கடைகள் இருந்ததாகவும் அவற்றின் முதலீடு ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. ஐராவதி ஆற்றுக் கழிமுகப் பகுதி உலகின் முதன்மையான அரிசி ஏற்றுமதிப் பகுதியாக வளர்ந்ததற்கு இக்கடன் வசதி முக்கியமான காரணமாகும்.

1930இல் உலகப் பொருளாதார மந்தத்தால் நெல்லின் விலை சரிந்தது. உழவர்களால் கடனைத் திருப்பித் தர இயலவில்லை. அடமானமாக வைத்த நிலங்கள் கடன் கொடுத்தோர் கைக்கு வந்தன. 1930இல் கீழ்ப் பர்மாவின் முதன்மை நெல் மாவட்டங்களில் சுமார் 6 விழுக்காடு நிலமே நகரத்தாரிடம் இருந்தது. 1938இல் அது சுமார் 25 விழுக்காடாக உயர்ந்தது. நிலமிழந்த பர்மிய உழவர்களிடையே இது கடும் வெறுப்பை வளர்த்தது. நகரத்தாருக்கோ வேண்டியது பணமேயன்றி விற்க இயலாத நிலம் அன்று. இரு தரப்பாருக்கும் இழப்பாக முடிந்த இந்நிகழ்வு இன்றும் பொருளியல் வரலாற்றாசிரியர்களால் விவாதிக்கப்படுகிறது.

1942இல் சப்பானியப் படைகள் பர்மாவைக் கைப்பற்றியபோது இந்தியர் பல இலட்சம் பேர் வெளியேறினர். விடுதலை பெற்ற பர்மா 1948இல் நிலங்களை நாட்டுடைமையாக்கும் சட்டத்தை இயற்றியது. அண்ணாமலைச் செட்டியாரின் இறுதி ஆண்டுகளில் அவர் சமூகத்தின் பெருஞ்செல்வம் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது என்பதை அவருடைய கொடைகளோடு சேர்த்துக் காண வேண்டும்.

பொது வாழ்வும் பட்டங்களும்

அண்ணாமலைச் செட்டியார் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். பின்னர் 1920இல் இந்திய அரசப் பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆங்கில அரசு 1923இல் இவருக்குச் 'சர்' பட்டமும், 1929இல் பரம்பரை உரிமையுள்ள 'ராஜா' பட்டமும் வழங்கியது. இதன்பின் 'செட்டிநாட்டு ராஜா' என்று அழைக்கப்பட்டார். இது நாடாளும் உரிமை தரும் பட்டம் அன்று. அரசு வழங்கிய சிறப்புப் பெயரே ஆகும்.

சிதம்பரத்தில் கல்விப் பணி

அண்ணாமலைச் செட்டியார் 1920இல் தம் தாயாரின் பெயரால் சிதம்பரத்தில் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியை நிறுவினார். அதைத் தொடர்ந்து தமிழ்க் கல்லூரி, வடமொழிக் கல்லூரி முதலியவற்றையும் தொடங்கினார். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் 1924 முதல் 1927 வரை மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றினார்.

இக்காலத்தில் சென்னை மாகாணத்தின் தெலுங்குப் பகுதிக்கென ஆந்திரப் பல்கலைக்கழகம் 1926இல் உருவாயிற்று. தமிழ்ப் பகுதிக்கும் தனிப் பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. அண்ணாமலைச் செட்டியார் தம் கல்லூரிகளையும் அவற்றுடன் 20 இலட்சம் ரூபாயையும் பல்கலைக்கழகம் அமைப்பதற்காக வழங்க முன்வந்தார். அரசும் தன் பங்கை அளித்தது. இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டு, 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அடுத்து, இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் அமைந்த இரண்டாவது பல்கலைக்கழகம் இதுவே.

சென்னைப் பல்கலைக்கழகம் பல ஊர்க் கல்லூரிகளை இணைத்துத் தேர்வு நடத்தும் அமைப்பாக இருந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகமோ ஆசிரியர்களும் மாணவர்களும் ஒரே வளாகத்தில் தங்கிக் கற்கும் உறைவிடப் பல்கலைக்கழகமாக அமைக்கப்பட்டது. வளாகம் அமைந்த பகுதி அண்ணாமலைநகர் எனப் பெயர் பெற்றது. நிறுவனர் இணைவேந்தரானார். எஸ். இ. ரங்கநாதன் முதல் துணைவேந்தராகப் பணியாற்றினார். அவரைத் தொடர்ந்து வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் 1935 முதல் 1940 வரை அப்பொறுப்பை வகித்தார். விபுலானந்த அடிகள், நாவலர் சோமசுந்தர பாரதியார் முதலிய அறிஞர்கள் தமிழ்த்துறையில் பணிபுரிந்தனர்.

இசைக் கல்லூரி

பல்கலைக்கழகம் தோன்றிய 1929ஆம் ஆண்டிலேயே இசைக் கல்லூரியும் நிறுவப்பட்டது. அக்காலத்தில் இசைக் கல்வி பெரும்பாலும் குருகுல முறையில், ஆசிரியர் இல்லத்தில் தங்கிப் பயில்வதாக இருந்தது. குடும்பத் தொடர்போ ஆசிரியரின் தனிப்பட்ட இசைவோ இல்லாத ஒருவர் இசை கற்பது எளிதன்று. கல்லூரி என்னும் அமைப்பு பாடத்திட்டம், கால அளவு, தேர்வு, பட்டம் ஆகியவற்றைக் கொண்டு இசையைப் பொதுக் கல்வியின் பகுதியாக்க முயன்றது. இங்குப் பயின்று தேறியோர் 'சங்கீத பூஷணம்' என்னும் பட்டம் பெற்றனர்.

சபேச ஐயர், டைகர் வரதாச்சாரியார், தஞ்சை பொன்னையா பிள்ளை ஆகிய இசை அறிஞர்கள் இக்கல்லூரியில் ஆசிரியர்களாக விளங்கினர். இவர்களிடம் பயின்ற எஸ். ராமநாதன் (1917–1988) பின்னாளில் சிலப்பதிகாரத்தின் இசையை ஆராய்ந்து அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

எனினும், தொடக்கத்தில் இக்கல்லூரியும் அக்கால இசையுலக வழக்கத்திலிருந்து பெரிதும் மாறுபடவில்லை. கற்பிக்கப்பட்ட உருப்படிகளுள் பெரும்பாலானவை தெலுங்கிலும் வடமொழியிலும் இருந்தன. தமிழ் மாணவர்கள் தமிழ் ஊரில், தமிழர் பணத்தில் நடக்கும் கல்லூரியில், தமக்குப் பொருள் விளங்காத பாடல்களையே பெரிதும் கற்றனர். ஆகவே தமிழிசை பற்றிய கேள்வி நிறுவனரின் சொந்தக் கல்லூரிக்குள்ளேயே முதலில் எழ வேண்டியதாயிற்று. 1940இல் அண்ணாமலைச் செட்டியார் தமிழ்ப் பாடல்களைத் திரட்டவும் இயற்றவும் கற்பிக்கவும் தனியே நிதி அளித்தார்.

தமிழிசை இயக்கத்தின் பின்னணி

தமிழில் இசைப்பாடல்கள் இல்லாமையால் இந்நிலை ஏற்படவில்லை. சிலப்பதிகாரம் பழந்தமிழ் இசை பற்றிய விரிவான செய்திகளைக் கொண்டது. தேவாரப் பாடல்கள் பண் அடிப்படையில் அமைந்தவை. மறைந்து கிடந்த தேவாரச் சுவடிகள் சிதம்பரம் கோயிலிலிருந்தே மீட்கப்பட்டன என்பது மரபு. முத்துத்தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளை, அருணாசலக் கவிராயர் ஆகிய தமிழிசை மூவர் சீர்காழி, சிதம்பரம் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். சிதம்பரத்தைக் களமாகக் கொண்ட நந்தனார் சரித்திரக் கீர்த்தனையைக் கோபாலகிருஷ்ண பாரதியார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இயற்றினார்.

ஆயினும், விசயநகர, நாயக்க, மராட்டிய அரசுகளின் காலத்தில் அரசவை இசையில் தெலுங்கும் வடமொழியும் முதன்மை பெற்றன. திருவாரூரில் பிறந்த மும்மூர்த்திகளுள் தியாகராசரும் சியாமா சாஸ்திரியும் பெரும்பாலும் தெலுங்கிலும், முத்துசாமி தீட்சிதர் வடமொழியிலும் பாடல்களை இயற்றினர். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சென்னைச் சபாக்களில் நிலைபெற்ற கச்சேரி முறையில் இவர்களுடைய கீர்த்தனைகளே நடுவிடம் பெற்றன. தமிழ்ப் பாடல்கள் கச்சேரியின் இறுதியில் 'துக்கடா' எனப்படும் சிறு உருப்படிகளாகவே பாடப்பட்டன. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரம் தமிழிசையின் தொன்மையை ஆராய்ந்தது. எனினும் அவ்வாய்வு கச்சேரி மேடையை உடனே மாற்றவில்லை.

1941 மாநாடும் விவாதமும்

1941ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூட்டப்பட்டது. கச்சேரிகளில் தமிழ்ப் பாடல்களுக்கு முதன்மை தர வேண்டும், இசைப் பள்ளிகளில் அவற்றைக் கற்பிக்க வேண்டும், வானொலியில் அவற்றின் பங்கைக் கூட்ட வேண்டும் என்பன தமிழிசை ஆதரவாளர்களின் கோரிக்கைகள். சென்னை வானொலி நிலையம் 1938இல்தான் தொடங்கப்பட்டிருந்தது. கச்சேரிக்குச் செல்ல இயலாத மக்களையும் இசை எட்டத் தொடங்கியிருந்த காலம் அது. எனவே எந்த மொழியில் பாடுவது என்ற கேள்வி சபா உறுப்பினர்களை மட்டும் சார்ந்ததாக இல்லாமல் பொதுமக்களின் கேள்வியாயிற்று. சிதம்பரத்தைத் தொடர்ந்து திருச்சி, மதுரை முதலிய பல ஊர்களில் தமிழிசை மாநாடுகள் நடைபெற்றன.

இக்கோரிக்கைக்கு எதிர்ப்பும் எழுந்தது. 1928இல் தோன்றிய சென்னை மியூசிக் அகாதமி, இசையின் தரத்தைப் பேணுவதே நோக்கமாக இருக்க வேண்டும் என்றும் மொழியைக் காரணமாகக் கொண்டு அத்தரத்தைக் குறைத்தல் கூடாது என்றும் 1941இல் தீர்மானித்தது. இசை மொழியைக் கடந்தது, மும்மூர்த்திகளின் கீர்த்தனைகளில் இராகமும் சொல்லும் பிரிக்க இயலாதவாறு இணைந்துள்ளன, அவற்றுக்கு ஈடான தமிழ் உருப்படிகள் போதிய அளவில் இல்லை என்பன எதிர்ப்போர் கூறிய காரணங்கள்.

தமிழிசை ஆதரவாளர்கள், பிறமொழிப் பாடல்களை விலக்க வேண்டும் என்பது தம் நோக்கம் அன்று என விளக்கினர். கேட்போருக்குப் பொருள் விளங்கும்போதுதான் பாடலின் உணர்ச்சி முழுமையாகச் சென்றடையும் என்றும், பாடப் பாடத்தான் உருப்படிகள் பெருகும் என்றும் வாதிட்டனர். உருப்படி இல்லாமையால் பாடவில்லை, பாடாமையால் உருப்படி வளரவில்லை என்னும் இச்சுழலை உடைப்பதற்கே நிதியும் நிறுவனமும் தேவைப்பட்டன.

கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி, ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார், ராஜாஜி, ஆர். கே. சண்முகம் செட்டியார் ஆகியோர் தமிழிசையை ஆதரித்தனர். பெரியார் ஈ. வெ. ராமசாமியும் ஆதரித்தார், எனினும் பாடல்களின் பொருள் பக்தியாகவே இருப்பதைக் கண்டித்தார். பிற பொதுப் பிரச்சினைகளில் ஒருவரையொருவர் எதிர்த்த இவர்கள் இதில் ஒரே பக்கம் நின்றமை குறிப்பிடத்தக்கது. பிராமணர், பிராமணர் அல்லாதார் முரண்பாட்டின் வெளிப்பாடாக மட்டுமே இவ்விவாதத்தைக் காண்பது பொருந்தாது என்பதை இது உணர்த்துகிறது. இசைக் கலைஞர்களுள் எம். கே. தியாகராஜ பாகவதர், எம். எம். தண்டபாணி தேசிகர் முதலியோர் இயக்கத்துக்குத் துணை நின்றனர்.

தமிழ் இசைச் சங்கம்

அண்ணாமலைச் செட்டியார் 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கத்தை நிறுவினார். உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அதற்கு முந்திய ஆண்டில் பர்மா வீழ்ந்தது. சப்பானியத் தாக்குதலுக்கு அஞ்சிச் சென்னை மக்கள் பலர் நகரை விட்டு வெளியேறியதும் அவ்வாண்டில்தான். தொழில் தளர்ந்த நிலையிலும் புதிய நிறுவனம் ஒன்றைத் தொடங்க அவர் தயங்கவில்லை.

சங்கத்தின் முதல் இசை விழா 1943 டிசம்பர் இறுதியில் ஆர்மேனியன் தெருவில் உள்ள செயின்ட் மேரி மண்டபத்தில் தொடங்கி 1944 சனவரி வரை நடைபெற்றது. டிசம்பர் மாதம் சென்னையில் ஏற்கெனவே இசை விழாக்கள் நடைபெறும் காலம். அதே காலத்தில் தமிழ்ப் பாடல்களைக் கொண்டே முழுக் கச்சேரியும் நடத்த இயலும் என்பதை இவ்விழா மேடையிலேயே காட்டியது. தீர்மானங்களாலும் கட்டுரைகளாலும் முடியாத பதிலை அது தந்தது.

1944இல் சங்கத்தின் சார்பில் தமிழ் இசைக் கல்லூரி தொடங்கப்பட்டது. பின்னணிப் பாடகராகப் புகழ்பெற்ற சீர்காழி கோவிந்தராஜன் இங்குப் பயின்று 'இசைமணி' பட்டம் பெற்றவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழிசைப் பாடல்களைச் சுர, தாளக் குறிப்புகளுடன் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. இத்தொகுதிகள் முக்கியமானவை. பாடலின் சொற்கள் ஏட்டில் இருந்தாலும் மெட்டு மறைந்துபோன தமிழ்ப் பாடல்கள் பல. சுரக் குறிப்பு இருந்தால்தான் வேறோர் ஊரில் இருக்கும் பாடகரும் அதனைக் கற்றுப் பாட இயலும்.

மறைவு

அண்ணாமலைச் செட்டியார் 1948ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் தம் 66ஆம் வயதில் காலமானார். அவருக்குப்பின் மூத்த மகன் முத்தையா செட்டியார் 'ராஜா' பட்டத்தையும் பல்கலைக்கழக இணைவேந்தர் பொறுப்பையும் ஏற்றார். தமிழ் இசைச் சங்கப் பணிகளையும் தொடர்ந்தார்.

மறைவுக்குப் பின்

தமிழ் இசைச் சங்கம் 1949 முதல் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களை நடத்தலாயிற்று. தேவாரப் பண்களுக்கும் இன்றைய இராகங்களுக்கும் உள்ள தொடர்பை ஓதுவார்களும் இசை அறிஞர்களும் ஒருங்கே அமர்ந்து ஆராய்ந்தனர். கோயிலில் பாடும் ஓதுவாரும் மேடையில் பாடும் வித்துவானும் ஓரிடத்தில் கூடியது தமிழிசை ஆய்வுக்குப் பெரிதும் உதவியது. சங்கம் 1957 முதல் 'இசைப்பேரறிஞர்' என்னும் பட்டத்தை வழங்கி வருகிறது. முதலில் இப்பட்டம் பெற்றவர் எம். எம். தண்டபாணி தேசிகர். இவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராகவும் பணியாற்றினார்.

தமிழிசை ஆய்வு பின்னர்ப் பல இடங்களிலும் பரவியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரான விபுலானந்த அடிகள் பழந்தமிழ் யாழ்களை ஆராய்ந்து எழுதிய யாழ் நூல் 1947இல் வெளிவந்தது. தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள கோம்பையில் பிறந்த இசைத்தமிழ் அறிஞர் வீ. ப. கா. சுந்தரம் (1915–2003), தமிழிசைக் கலைக்களஞ்சியத்தை நான்கு தொகுதிகளாகத் தொகுத்தார். பாரதிதாசன் பல்கலைக்கழகம் அதனை வெளியிட்டது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் எழுந்த தமிழிசை ஆர்வம் நகரச் சபாக்களுக்கு வெளியேயும் தொடர்ந்தமைக்கு இது சான்றாகும்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நிறுவனர் குடும்பத்துக்கு இருந்த நிர்வாக உரிமை 2013 வரை நீடித்தது. கடும் நிதி நெருக்கடி ஏற்பட்டதை அடுத்து, அவ்வாண்டு தமிழ்நாடு அரசு புதிய சட்டம் இயற்றிப் பல்கலைக்கழகத்தின் நிர்வாகத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. பல்கலைக்கழகம் நிறுவனரின் பெயரிலேயே தொடர்ந்து இயங்குகிறது.

மதிப்பீடு

அண்ணாமலைச் செட்டியார் பாடகரோ பாடலாசிரியரோ இசை ஆய்வாளரோ அல்லர். இசைக்கு அவர் ஆற்றிய பணி ஒரு வங்கியாளரின் பணியாகவே அமைந்தது. முன்னாளில் இசையைப் புரந்த சமீன்தார்களும் அரசர்களும் தமக்கு விருப்பமான கலைஞருக்குப் பொன்னும் பொருளும் வழங்கினர். அக்கொடை, கொடுப்பவரும் பெறுபவரும் உள்ளவரையே பயன் தந்தது. அண்ணாமலைச் செட்டியாரோ கல்லூரி, சங்கம், பாடநூல், ஆண்டு விழா என, ஆட்கள் மாறினாலும் தொடரக்கூடிய அமைப்புகளில் பணத்தை முதலாக வைத்தார்.

இச்செல்வத்தின் ஒரு பகுதி, கடனில் நிலமிழந்த அயல்நாட்டு உழவர்களின் உழைப்பிலிருந்து வந்தது என்பதையும் வரலாறு பதிவு செய்கிறது. பர்மாவில் நகரத்தார் பெற்ற நிலங்கள் அவர்களிடம் நிலைக்கவில்லை. அதே தொழிலின் வருவாயில் சிதம்பரத்திலும் சென்னையிலும் எழுந்த நிறுவனங்கள் நிலைத்துவிட்டன.

தமிழிசை இயக்கத்தின் கோரிக்கைகள் அனைத்தும் நிறைவேறிவிட்டன என்று கூற இயலாது. கச்சேரிகளில் தெலுங்கு, வடமொழிக் கீர்த்தனைகளின் முதன்மை இன்றும் பெரிதும் தொடர்கிறது. ஆனால் ஒரு பாடகர் கச்சேரியின் நடுப்பகுதியில் தமிழ்ப் பாடலை விரிவாகப் பாடுவது இன்று எவருக்கும் வியப்பளிப்பதில்லை. 1941இல் அது விவாதத்துக்குரிய செயலாக இருந்தது.

நினைவுச் சின்னங்கள்

- ராஜா அண்ணாமலை மன்றம், சென்னை: பாரிமுனைப் பகுதியில் உள்ள இவ்வரங்கம் தமிழ் இசைச் சங்கத்தின் இருப்பிடமாகும்.
- ராஜா அண்ணாமலைபுரம், சென்னை: அடையாற்றின் வடகரையில் இவர் பெயரால் வழங்கும் குடியிருப்புப் பகுதி.
- அண்ணாமலைநகர், சிதம்பரம்: பல்கலைக்கழக வளாகமும் அதைச் சூழ்ந்த பகுதியும்.
- ராணி சீதை மன்றம், சென்னை: அண்ணாசாலையில் இவருடைய மனைவியின் பெயரால் அமைந்த அரங்கம்.
- ராஜா முத்தையா மன்றம், மதுரை: மகன் முத்தையா செட்டியாரின் பெயரைத் தாங்கிய அரங்கம்.
- அஞ்சல் தலை: இந்திய அஞ்சல் துறை 1980இல் இவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.